பதிமுகத் தண்ணீர் ஆறும் நேரம்

முதல் அறிகுறியை நான் பார்த்தது வயிற்றில் அல்ல, துணி துவைக்கும் கல்லில். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் நிவேதா, வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து தன் ஜட்டியைத் தானே துவைத்துக்கொண்டிருந்தாள். சோப்பு அவள் கையைவிடப் பெரிதாக இருந்தது. என்னைப் பார்த்ததும் துணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"என்ன கண்ணு?"

"ஒண்ணுமில்லீங்கப்பா. தண்ணி சிந்திருச்சு."

மூன்றாவது முறை அவள் கழிப்பறைக்கு ஓடியபோதுதான் எனக்குப் புரிந்தது. பேதியாகும் சிறு குழந்தைகள் அதை நோய் என்று நினைப்பதில்லை, தாங்கள் செய்த அசிங்கம் என்று நினைக்கிறார்கள். உங்கள் வீட்டுக் குழந்தை காரணமில்லாமல் அடிக்கடி துணி மாற்றினால் கொஞ்சம் கவனியுங்கள். அந்த வெட்கத்தில் எனக்கு ஓர் அரை நாள் போய்விட்டது.

நாங்கள் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் இருக்கிறோம். பொள்ளாச்சி பக்கம், பாலக்காட்டு நகரம் தூரம். எனக்கு நாற்பத்தெட்டு வயது. பால் சொசைட்டியில் டெஸ்டர் வேலை. விடிந்தும் விடியாமலும் ஊரார் கொண்டு வரும் பாலை முகர்ந்து பார்த்து, லாக்டோமீட்டர் (பாலின் அடர்த்தியைக் காட்டும் கண்ணாடிக் குழல்) போட்டு, தண்ணீர் கலந்திருந்தால் திருப்பி அனுப்புவேன். என் மனைவி சுமதி பாலக்காட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவளுக்குச் சமையல், எனக்குக் குடிதண்ணீர் என்று கல்யாணமான புதிதிலேயே பிரித்துக்கொண்டோம்.

குடிதண்ணீர் என்றால் எங்கள் பக்கத்தில் பதிமுகத் தண்ணீர் (தண்ணீரை இளஞ்சிவப்பாக்கும் ஒரு மரத்தின் சீவலைப் போட்டுக் காய்ச்சியது). மலையாளிகளிடமிருந்து எங்களுக்கு வந்த பழக்கம். சொசைட்டிக்குப் போகும் அவசரத்தில் நான் ஒரு சின்னப் பாத்திரத்தில் சீவலைப் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிடுவேன். ரத்தச் சிவப்பாக இறங்கும். அதைப் பெரிய எவர்சில்வர் குடத்தில் ஊற்றி, மேலே குழாய்த் தண்ணீர் விட்டு நிரப்பினால் சரியான இளஞ்சிவப்பு வந்துவிடும், குடிக்கிற சூடும் வந்துவிடும். பத்து வருடமாக இப்படித்தான். என் அம்மா வீட்டிலும் அப்படித்தான், அக்கம்பக்கத்திலும் அப்படித்தான்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பள்ளியில் வார்ஷிகம். அதாவது ஆண்டு விழா. பி.டி.ஏ.வில் (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) இரண்டாம் வகுப்பின் பிரதிநிதி நான்தான். பள்ளிக் கேட்டுக்கு வெளியே கல்யாணியக்கா என்பவர் வண்டியில் உப்பிலிட்டது விற்பார். நெல்லிக்காய், மாங்காய், அன்னாசி எல்லாம் உப்புநீரில் ஊறும் கண்ணாடிப் பரணிகள் (ஜாடிகள்). அந்தக் கடை எனக்குக் கண்ணில் விழுந்த தூசி. இரண்டு கூட்டத்தில் அதை எடுக்கச் சொல்லிப் பேசியிருந்தேன். வார்ஷிகத்தன்று பிள்ளைகள் தாகம் என்று சொல்லி வெளியே ஓடக் கூடாது என்பதற்காக, இரண்டாம் வகுப்புக்கு நானே தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன்.

ஒரு பால் கேனைக் கொதிநீர் விட்டுக் கழுவி, பளபளக்கத் துடைத்து, பதிமுகத் தண்ணீர் நிறைத்துக்கொண்டு போனேன். தலைமையாசிரியை மூடியைத் திறந்து பார்த்தார்.

"தண்ணின்னா இப்பிடி இருக்கோணுமுங்க டெஸ்டர் சார். நெறத்தப் பாத்தாலே தெரியுது, காச்சினதுன்னு."

பிள்ளைகள் வரிசையில் நின்று குடித்தார்கள். நானே மொண்டு கொடுத்தேன். வெயில் அப்படி. சிலர் மூன்று டம்ளர் குடித்தார்கள்.

ஞாயிறு மதியத்துக்குள் நிவேதாவுக்கு ஏழு முறை போயிருந்தது. எனக்கு ஓ.ஆர்.எஸ். (உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த, உடலின் நீரிழப்பை ஈடுகட்டும் பொடி) தெரியும். அட்டைப்பெட்டியில் விற்கிற இனிப்புப் பானம் வேறு, இது வேறு என்பதும் தெரியும். ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர். பாதிப் பொட்டலத்தை டம்ளரில் கலக்கக் கூடாது. எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். குடத்திலிருந்த இளஞ்சிவப்புத் தண்ணீரில் ஒரு லிட்டர் அளந்து கலக்கி, கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன்.

சாயங்காலம் காய்ச்சல் ஏறியது. மலத்தில் சளியும், பிறகு சிவப்பு இழைகளும் வந்தன. ரத்தம் கண்டால் அதற்கு மேல் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. இன்று எனக்குத் தெரிந்த இந்தச் சின்ன விஷயம் அன்று தெரியவில்லை. காலையில் போகலாம் என்று காத்திருந்தேன்.

அந்தச் சாயங்காலம் நான் செய்த இன்னொரு காரியத்தை எழுதாமல் விட முடியாது. அவள் கட்டிலில் முழங்காலை மடக்கிப் படுத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"வார்ஷிகத்தன்னிக்கு அந்த வண்டில என்னத்த வாங்கித் தின்னே?"

"ஒண்ணும் திங்கலீங்கப்பா."

"பொய் சொல்லாத கண்ணு. அப்பா அடிக்க மாட்டேன்."

"இல்லீங்கப்பா. நீங்க வைவீங்கன்னு அந்தப் பக்கமே போகல."

"மாங்காயா, நெல்லிக்காயா?"

நான்கைந்து முறை கேட்டிருப்பேன். சுமதி கதவருகே நின்று, "உடுங்க, வகுத்து வலில கெடக்கறா" என்றாள். நான் விடவில்லை. டாக்டரிடம் சொல்ல வேண்டாமா என்றேன். கடைசியில் நிவேதா கண்ணை மூடிக்கொண்டு, "நெல்லிக்காய்" என்றாள்.

திங்கட்கிழமை விடிந்தபோது அவள் கண்கள் உள்ளே போயிருந்தன. அழுதாள், கண்ணீர் வரவில்லை. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே பாலக்காட்டுக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். பாலக்காட்டு ஆஸ்பத்திரியின் நடையில், பதிவுச் சீட்டுக்குக் காத்திருக்கும்போது, என் மடியில் அவள் உடல் திடீரென்று விறைத்தது. கண் மேலே செருகியது. கையும் காலும் வெட்டி இழுத்தன. ஒரு நிமிடம் இருக்கலாம், இரண்டு நிமிடம் இருக்கலாம். சுமதி "ஐயோ" என்றுகூடக் கத்தவில்லை. குழந்தையை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு நர்சைப் பார்த்து ஓடினாள். நான் மடி காலியானது தெரியாமல் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

குழந்தைகள் பிரிவின் டாக்டர் மலையாளி. நாற்பது வயதிருக்கும். எங்கள் தமிழைக் கேட்டு, தண்ணீரை வெள்ளம் என்று சொல்லும் தன் மலையாளத் தமிழில் பேசினார்.

"மோள் லாஸ்ட் எப்போ மூத்ரம் போச்சு?"

"நேத்து சாயங்காலம்னு நெனைக்கிறேனுங்க."

"நெனைக்க வேண்டா. அறியுமா, அறியாதா?"

"தெரியலீங்க."

அவர் நிவேதாவின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டார். தோல் உடனே படியவில்லை. துணி மடிப்பு மாதிரி நின்று, மெல்ல இறங்கியது.

"கண்டோ? நல்ல ஒடம்புல இது டப்புனு போகும். இவளுக்கு ரெண்டு செகண்டுக்கு மேல. அத்தன வெள்ளம் கொறஞ்சு போச்சு." பிறகு கேட்டார்: "ஓ.ஆர்.எஸ். கொடுத்தோ?"

"கொடுத்தேனுங்க. ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட்."

"எந்த வெள்ளத்துல?"

"கொதிக்க வெச்ச பதிமுகத் தண்ணீங்க."

அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். அந்தத் தலையசைப்பை நான் ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

நரம்பு கிடைக்கவில்லை. மூன்று இடத்தில் குத்தி, நான்காவதாகக் காலில் ஊசி நின்றது. சொட்டுசொட்டாக நீர் ஏறத் தொடங்கியது. வலிப்பு காய்ச்சலாலும் உடலின் உப்புகள் குலைந்ததாலும் வந்திருக்கலாம், மூளை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று ஒரு நாள் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். ஒரு நாள்.

அந்த நடையில் நின்றுகொண்டுதான் வகுப்புப் பெற்றோர்களின் வாட்சாப் குழுவில் குரல்பதிவு போட்டேன். நாற்பது வினாடி. "எம்பட பொண்ணே ஒத்துக்கிட்டா, அந்த உப்பிலிட்டதுதான். இன்னிக்கே அந்த வண்டிய எடுக்கோணும். இன்னொரு கொழந்த இப்பிடிக் கெடக்கக் கூடாது." ஒரே முறை பேசினேன். திருப்பிக் கேட்டுப் பார்க்கவில்லை.

மதியத்துக்குள் எங்கள் வகுப்பிலேயே இன்னும் எட்டுப் பிள்ளைகளுக்குப் பேதி என்று தெரிந்தது. நான் சொன்னது உறுதியானதாக எல்லாரும் நினைத்தார்கள். நான்கைந்து அப்பாக்கள் போய் வண்டியைக் கவிழ்த்தார்கள். பரணிகள் சாக்கடையில் உடைந்து கிடக்கும் படம் என் போனுக்கு வந்தது. அதைச் சுமதியிடம் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "இவளா தின்னேன்னு சொல்லலீங்க. நீங்க சொல்ல வெச்சீங்க" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. போனைப் பையில் போட்டுக்கொண்டு நடையின் மறுகோடிக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை நிவேதா கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். அவளிடம் பெயர் கேட்டார்கள், விரலை எண்ணச் சொன்னார்கள். எண்ணினாள். மூளைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னபோது சுமதி சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மலச் சோதனையில் ஷிகெல்லா (பெருங்குடலைப் புண்ணாக்கி ரத்தக்கழிச்சல் உண்டாக்கும் பாக்டீரியா) என்று வந்தது. மிகக் கொஞ்சம் கிருமியே போதும் என்றார் டாக்டர். கழுவாத கை, ஈ மொய்த்த தின்பண்டம், கழிவு கலந்த தண்ணீர், எது வழியாகவும் வரலாம்.

வியாழக்கிழமை ஹெல்த் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வருவதாகப் போன் வந்தது. சுமதியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். இன்ஸ்பெக்டர் சின்ன வயதுப் பெண், எங்கள் பக்கத்துக்காரர்தான். நோட்டில் ஒரு கட்டம் போட்டு வைத்திருந்தார். ஒன்பது பிள்ளைகளின் பெயர். எதிரில் என்ன சாப்பிட்டார்கள், எங்கே குடித்தார்கள் என்று குறிப்பு.

"இதுல ஆறு பேரு அந்த வண்டிப் பக்கமே போகலீங்க சார். மூணாங்கிளாஸ் பசங்க வண்டியவே மொச்சிருக்காங்க, அவங்க ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. சரி, அத உடுங்க. நீங்க தினமும் தண்ணி எப்பிடி வெப்பீங்களோ, அப்பிடியே வெச்சுக் காட்டுங்க."

எனக்கு அது கொஞ்சம் அவமானமாக இருந்தது. ஆனாலும் செய்து காட்டினேன். சின்னப் பாத்திரம், சீவல், கொதி, சிவப்பு. குடத்தில் ஊற்றினேன். குழாயைத் திறந்தேன்.

என் கை குழாயில் இருக்கும்போதே அவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கியதைப் பார்த்தேன். குடம் நிறையும் சத்தம் மட்டும் கேட்டது. நிறம் வந்தது. அதே இளஞ்சிவப்பு.

"கேன்லயும் இப்பிடித்தானுங்களா?"

"ஆமாங்க." பிறகு என்னை அறியாமல் சொன்னேன்: "கேன நல்லாக் கழுவினேனுங்க."

"கேனு சுத்தந்தான் சார்" என்றார். குரலில் குத்தல் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

எங்கள் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும். தண்ணீர் வராத நாளில் வெறும் குழாய் மண்ணுக்குள் கிடக்கும்போது, விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடையை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று அவர் விளக்கினார். மாதிரி எடுத்துப் போனார். கழிவு கலந்ததற்கான கிருமி இருக்கிறது என்று மறுநாள் முடிவு வந்தது. பிள்ளைகளுக்கு நோய் வந்தது உங்கள் தண்ணீரால்தான் என்று என்னால் எழுத முடியாது, குடிக்கத் தகுதியில்லாத தண்ணீர் என்று மட்டும் எழுதுவேன் என்றார். அந்த இடைவெளியில் நான் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது. ஒரு முழு நாள் ஒளிந்தும் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கரண்டி கரண்டியாக நான் கொடுத்ததும் அதே தண்ணீர்தான். இதை எழுத எனக்கு இவ்வளவு பக்கம் தேவைப்பட்டிருக்கிறது.

சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். துத்தநாக மாத்திரை (குடல் புண் ஆறவும் பேதி திரும்ப வராமலிருக்கவும் கொடுப்பது) பதினான்கு நாள். பாதியில் நிறுத்தக் கூடாது. கஞ்சி, வாழைப்பழம், தயிர். கழிப்பறைக்குப் போய் வந்தாலும் சாப்பாட்டுக்கு முன்னாலும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அவள் மட்டுமல்ல, நாங்களும். வண்டியில் வரும்போது நிவேதாவிடம் கேட்டேன்.

"கண்ணு, நெல்லிக்காய் தின்னேன்னு சொன்னியே?"

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நீங்க கேட்டுட்டே இருந்தீங்கப்பா" என்றாள்.

அன்று சாயங்காலம் இரண்டாவது குரல்பதிவைப் பேசினேன். ஏழு முறை அழித்தேன். பிறகு அதை அனுப்பாமல், திங்கட்கிழமை கூட்டம் போடச் சொன்னேன். எதிரில் ஆள் இருந்தால்தான் முழுதாகச் சொல்வேன் என்று தோன்றியது.

கூட்டத்தில் சொன்னேன். எப்படிக் காய்ச்சினேன், எப்படி நிரப்பினேன், மகளிடம் எப்படி ஒப்புதல் வாங்கினேன். வண்டியைக் கவிழ்த்தவர்களில் ஒருவர், "இதச் சொல்லாம இருந்திருந்தா யாருக்குங்க தெரியும்?" என்றார். அவருக்கு என்மேல் இரக்கம். பின்வரிசையில் ஒரு தாய் எழுந்தார். அவர் மகன் அப்போதும் ஆஸ்பத்திரியில் இருந்தான். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர், "எம்பட ஊட்டுலயும் அப்பிடித்தானுங்க ஊத்தறோம்" என்று சொல்லிவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனார். அவர் மகன் அந்த வார இறுதியில் வீடு வந்தான் என்று கேட்டபோதுதான் எனக்குச் சோறு இறங்கியது.

கல்யாணியக்கா வீட்டுக்குத் தனியாகப் போனேன். முற்றத்தில் உடையாமல் மிஞ்சிய இரண்டு பரணிகளை வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"ஊரு பால்ல தண்ணி கண்டுபுடிக்கறீங்க. உங்க தண்ணில தண்ணி தெரியலீங்களா டெஸ்டரே?"

அவர் குனிந்து ஒரு பரணியை வெயில் படும் பக்கம் நகர்த்தினார்.

"நானும் காச்சித்தானுங்க உப்பு போடறன். காச்சி, வாய்க்குத் துணில வேடு கட்டி, ஒரு ராத்திரி பூராவும் ஆறோணும். பச்சத்தண்ணி ஒரு சொட்டு உழுந்தா மூணாம் நாளு வெள்ளையா பூசணம் நிக்கும். சூட்டோட ஊத்துனா காய் கொழகொழன்னு போயிரும். உங்களுக்குப் பயந்துட்டுப் பண்ணுலீங்க. காய்க்குப் பயந்துட்டுப் பண்றன்."

அவர் கடையில் குறையே இல்லை என்று இன்ஸ்பெக்டர் சொல்லவில்லை. கழுவாத கையைப் பரணிக்குள் விடுவதைச் சொல்லியிருக்கிறார், நீளக் கரண்டி வாங்கச் சொல்லியிருக்கிறார். ஆனால் ஆறும்வரை காத்திருக்கத் தெரிந்தவர் அவர்தான். பரணி வாங்கித் தருகிறேன் என்றேன். "வாங்கிட்டு வாங்க. மூடி இறுக்கமா இருக்கறதாப் பாருங்க" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்த்துப் போகவில்லை.

இப்போது என் நாள் வேறு மாதிரி ஓடுகிறது. முந்தின நாள் மதியமே மறுநாளைக்கான தண்ணீர் முழுவதையும் பெரிய பாத்திரத்தில் வைக்கிறேன். குமிழி வந்ததும் இறக்குவதில்லை, தளதளவென்று கொஞ்ச நேரம் கொதிக்க விடுகிறேன். ஆற நான்கு மணி நேரம் ஆகிறது. பத்து வருடமாக நான் மிச்சம் பிடித்த நேரம் அது. அந்த நான்கு மணி நேரமும் என்னால் வீட்டில் வேறு எதையும் முழு மனதோடு செய்ய முடிவதில்லை. பாத்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துவைத்துப் பார்க்கிறேன். பதிமுகம் போடுவதில்லை. நிறமில்லாத தண்ணீரைப் பார்த்தால் காய்ச்சியதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் கேட்கத் தோன்றுகிறது.

நிவேதா பள்ளிக்குப் போகிறாள். குறைந்த ஒரு கிலோ எடை திரும்பிவிட்டது. ஆனால், "வகுறு வலிக்குதா?" என்று கேட்டால், கேள்வி முடியும் முன்பே "இல்லீங்கப்பா" என்கிறாள். அந்த வேகம் எனக்குப் பயமாக இருக்கிறது. எது உண்மையான இல்லை, எது எனக்காகச் சொல்லும் இல்லை என்று தெரியவில்லை. எனவே காலையில் அவள் சட்டையை மாட்டும்போது வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளிப் பார்க்கிறேன். டப்பென்று படிந்துவிடுகிறது. அவள் கூச்சத்தில் நெளிகிறாள்.

நேற்று அவள் என் கையைப் பிடித்து, புறங்கைத் தோலை டாக்டர் மாதிரியே கிள்ளித் தூக்கினாள். என் வயதுக்கு அது உடனே படியவில்லை. மடிப்பாக நின்று மெல்ல இறங்கியது. அவள் உதட்டை அசைத்து எண்ணினாள்.

"அப்பா, உங்களுக்குத் தண்ணி கொறஞ்சு போச்சுங்க" என்று சொல்லிவிட்டு, சமையலறைக்கு ஓடி ஒரு டம்ளர் கொண்டுவந்து நீட்டினாள்.

வாங்கிக்கொண்டு, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டேன். "இது நல்லாக் கொதிச்சு ஆறுனதுதான கண்ணு?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. யோசித்தாள்.

"எனக்கென்னங்கப்பா தெரியும்? நீங்கதான வெச்சீங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு, நான் விரும்பாத ஒரு பதிலை அவள் சொன்னது அதுதான் முதல் முறை. டம்ளரை வாயில் வைத்தேன். தண்ணீர் ஆறியிருந்தது. முழுவதையும் குடித்தேன்.